நீ திரும்பி வராததற்கு நான் சொன்ன காரணங்கள்

என் மகனுக்கு,

நீ பெரியவனானதும் உன்னிடம் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்லப்போகிறார்கள். ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று மதராஸ் பட்டணமே காலியாயிற்று, அப்போது நீ கைக்குழந்தை மாதிரி, உன்னைக் கும்பகோணத்தில் அத்தை வீட்டில் பத்திரமாக விட்டுவைத்தோம், யுத்தம் தாயையும் பிள்ளையையும் பிரித்துவிட்டது என்பார்கள். கேட்க உருக்கமாகத்தான் இருக்கும். நானே இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்பதுகூட எனக்குப் பழகிவிட்டது. ஆனால் யுத்தம் உன்னை என்னிடமிருந்து பிரித்துவைத்தது ஒரு கோடைக்காலம் மட்டுந்தான். அதற்குப் பிறகு பிரித்துவைத்தவள் நான். இதை உன்னிடம் வேறு யாரும் சொல்லமுடியாது, யாருக்கும் தெரியாது. முன்பே எழுதியிருக்க வேண்டும். தாமதமாகத்தான் எழுத வந்திருக்கிறது.

இன்று சாயங்கால ரயிலில் உன் அத்தை ஊருக்குத் திரும்புகிறாள். கண் டாக்டரிடம் காட்டுவதற்காக ஒரு வாரம் முன்பு உன்னையும் அழைத்துக்கொண்டு மயிலாப்பூருக்கு வந்தாள். இப்போது நீயும் அவளும் குளத்தங்கரைப் பக்கம் கோயிலுக்குப் போயிருக்கிறீர்கள். உன் தகரப் பெட்டி கூடத்தில் திறந்தபடி இருக்கிறது. உன் சட்டைகள் கொடியில் காய்கின்றன. அவை காய்ந்து, மடித்து, பெட்டிக்குள் போவதற்குள் நான் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் வருகிற ஆனியில் உன்னை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவார்கள். பிறகு நீ அந்த ஊர்ப் பிள்ளை. விடுமுறைக்கு இங்கே வந்து போகிற பிள்ளை. நீ அத்தையை ‘அம்மா’ என்றும் என்னை ‘மெட்ராஸ் அம்மா’ என்றும் கூப்பிடுகிறாய். அத்தை உன்னைத் திருத்தாமல் இல்லை. “நான் அத்தைடா, இவாதான் அம்மா” என்று என் எதிரிலேயே சொன்னாள். நீ ரொம்பப் பெரிய மனுஷன்போலத் தலையை ஆட்டிவிட்டு, “சரிம்மா” என்று அவளிடமே சொன்னாய்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். பங்குனி முடிகிற சமயம். வேலை நிமித்தம் இருக்க வேண்டியவர்கள் தவிர மற்றவர்கள் பட்டணத்தை விட்டுப் போவது நல்லது என்று சர்க்கார் சொன்னது. அவ்வளவுதான், நம் தெருவில் அடுப்பில் வைத்த உலையை இறக்கிவிட்டுப் போனவர்கள்கூட உண்டு. எழும்பூர் ஸ்டேஷனில் ஜன்னல் வழியாகக் குழந்தைகளை உள்ளே கொடுத்துவிட்டுப் பெற்றவர்கள் வெளியே நின்றார்கள். எதிர்வீட்டு வக்கீல் மாமா தெருவின் நடுவில் நின்றுகொண்டு, “இன்னும் பதினஞ்சு நாள்ல மயிலாப்பூர்னு ஒரு ஊரே இருக்காது, எழுதி வெச்சுக்கோங்கோ!” என்று உரக்கச் சொன்னார். கறவை மாட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, அம்புஜம் மாமியையும் ஊறுகாய் ஜாடிகளையும் ஏற்றிக்கொண்டு அன்றைக்கே கிளம்பிவிட்டார். உன் அப்பாவுக்குத் தந்தி ஆபீஸில் வேலை, நகர முடியாது. நான் அவரைத் தனியே விட்டுப் போகமாட்டேன் என்றேன். உன்னை வைத்துக்கொள்ளவும் பயமாக இருந்தது. அப்பாவின் அக்கா, அதாவது உன் அத்தை, அப்போது இங்கே வந்திருந்தாள். அவளுக்குக் குழந்தை கிடையாது. “நான் பாத்துக்கறேண்டி, ஊர் அடங்கினதும் வந்து அழைச்சிண்டு போ” என்றாள். ரயில் நகர்ந்தபோது நீ என்னைப் பார்க்கவேயில்லை. எஞ்சின் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அந்த மாதங்களில் தெரு எப்படி இருந்தது என்று உனக்கு எப்படிச் சொல்வேன். காலையில் எழுந்து பார்த்தால் நம் வாசலிலும் இன்னும் நாலைந்து வாசல்களிலும் மட்டும் கோலம். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை மற்ற வாசலெல்லாம் வெறுமையாக, பூட்டிய கதவுகளோடு கிடக்கும். அவரவர் வளர்த்த நாய்கள் அந்தந்தக் கதவின் முன்னாலேயே படுத்திருக்கும். ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்ததால் வீட்டுக்குள் பகலிலும் ஒரு மாதிரி அழுக்கு வெளிச்சம். அப்பா ஆபீஸுக்குப் போனபின் அக்கம்பக்கத்தில் பேச ஆள் இல்லை. பால் ஊற்றுகிற நாயக்கர் ஒருவர்தான்.

“இன்னாமா, அல்லாரும் ஓடிக்கினு கீறாங்க, நீ மட்டும் இன்னா பண்ணிக்கினு கீறே?”

“நீங்க ஏன் போகலை, நாயக்கரே?”

“எனுக்கு மாடு கீதும்மா. மாட்டுக்கு எவன் டிக்கட்டு குடுப்பான்? இல்லாங்காட்டி நானும் நேத்தே பூட்டிருப்பேன்.”

அவர் பேச்சுக்குச் சிரித்தேன். அந்த ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு அன்று முழுவதும் கழித்தேன். சமையலறையில் உன் பால் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து வைப்பேன். யாரும் குடிக்காத கிண்ணத்தை.

குண்டு விழவில்லை. ஆடி பிறப்பதற்குள் ஒவ்வொரு பூட்டாகத் திறந்தது. வக்கீல் மாமாவும் வந்து சேர்ந்தார். மாடு போயிற்று, ஆளில்லாத வீட்டில் பாத்திரங்களும் திருட்டுப் போயின. ‘நான் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லுவார் என்று நினைத்தேன். மனுஷர் என்ன சொன்னார் தெரியுமா? “நாமெல்லாம் காலி பண்ணினதாலதான் அவன் வரலை. ஆள் இல்லாத ஊர்ல குண்டு போட ஜப்பான்காரன் என்ன அசடா?” வேடிக்கைக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, மனதார நம்பினார். மாட்டையும் பாத்திரத்தையும் கொடுத்து மயிலாப்பூரைக் காப்பாற்றினவர் மாதிரி நடக்க ஆரம்பித்தார். ஓடாமல் இருந்தவர்களுக்கும் ஒரு கதை வேண்டியிருந்தது. போக இடமில்லாமலும் ரயிலில் இடம் கிடைக்காமலும் தங்கினவர்கள் எல்லோரும் இப்போது தைரியசாலிகள். மாட்டுக்காக நின்ற நாயக்கர் வீட்டுக்கு வீடு, “நான் அப்பவே சொன்னேன், ஜப்பான்காரன் வரமாட்டான்னு!” என்று சொல்லிக்கொண்டே பால் ஊற்றினார்.

அந்த வருஷம் நவராத்திரியில் நம் தெருவில் போனவர்கள் வீட்டுக் கொலு என்றும், இருந்தவர்கள் வீட்டுக் கொலு என்றும் இரண்டு கட்சி. வெற்றிலை பாக்குக்குக் கூப்பிட்டால் போகாமல் இருக்கக்கூடாது என்பதற்காகப் போவார்கள். போய் ஊசியால் குத்துவார்கள். அம்புஜம் மாமி வீட்டில் கோடி வீட்டு மாமி சுண்டலை வாங்கிக்கொண்டே, “நாங்க ஆத்தைப் போட்டுட்டு ஓடலை மாமி, பகவான் மேல பாரத்தைப் போட்டுட்டு இருந்தோம்” என்றாள். அம்புஜம் மாமி சந்தனக் கிண்ணத்தை நகர்த்திக்கொண்டே, “ஓடறதுக்கு நாலு மனுஷா இருந்தா ஓடலாம். இல்லாதவா இருக்கத்தானே வேணும்” என்றாள். சுண்டல் கை அப்படியே நின்றது. ஒரே தெருக்காரர்கள், ஒரே கிணற்றுக் கயிற்றை மாற்றி மாற்றிப் பிடித்தவர்கள். பயந்தோம் என்று இரண்டு பேரில் ஒருத்தி சொல்லியிருந்தால் மற்றவளும் சொல்லியிருப்பாள், இருவரும் ஒரு மூச்சு சேர்ந்து அழுதிருப்பார்கள். அந்த ஒன்றை மட்டும் யாரும் சொல்லவில்லை.

எனக்கோ இரண்டு கட்சியிலும் பாதி இடம். இருந்தவர்களிடம் “நான் இங்கேதானே இருந்தேன்” என்பேன். போனவர்களிடம் “குழந்தையை அனுப்பிட்டேனே” என்பேன். அன்று அம்புஜம் மாமிதான் கேட்டாள்: “ஊர்தான் சரியாயிடுத்தே, குழந்தை எங்கடி?” எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “அங்கே பசும்பால், நல்ல காத்து, மாமி. இங்கே என்ன இருக்கு? பதுங்குகுழியில மழைத்தண்ணி நின்னு கொசு பிடுங்கறது” என்றேன். வாயிலிருந்து சரளமாக வந்தது. அந்த நிமிஷம்வரை அப்படி ஒரு காரணம் என்னிடம் இருந்ததே எனக்குத் தெரியாது.

உண்மையில் ஆடியிலேயே நான் உன்னை அழைத்துவரப் பெட்டி கட்டினேன். கட்டியபோது ஒரு எண்ணம் வந்தது: இப்போது கூட்டி வந்துவிட்டால், அனுப்பியதே வீண் என்று ஆகிவிடும். பேசப் பழகின வயதில், முதன்முதலாக வாக்கியமாகப் பேசின நாட்களில், நீ என்னிடம் இல்லாமல் போனாய். அது ஒன்றுமில்லாத பயத்துக்காக என்று ஆகிவிடும். அதை நினைக்க என்னால் முடியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும், அபாயம் முழுக்கத் தீரவில்லை என்று பெட்டியை அவிழ்த்தேன். அவிழ்த்ததும் மனசு லேசாயிற்று. அதுதான் விபரீதம், கண்ணா. தப்பை நீட்டினால் மனசு லேசாகிறது, நிறுத்தினால்தான் கனக்கிறது.

பிறகு காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ரேஷன் வந்தது, அது ஒரு காரணம். விறகு கிடைக்கவில்லை, அது ஒன்று. உன்னைப் பார்க்கக் கும்பகோணம் வந்தால் திரும்பும்போது நீ அழுதாய். குழந்தையை அழவிடக்கூடாது என்று வருவதைக் குறைத்துக்கொண்டேன். அதைத் தியாகம் என்றே நினைத்தேன். நீ அழுவதை நிறுத்தியபோது, பார், அங்கே சந்தோஷமாக இருக்கிறான், அதைக் கெடுப்பானேன் என்று நினைத்தேன். அழுதாலும் அழாவிட்டாலும் எனக்குக் காரணம் கிடைத்தது. கல்லூரியில் நான் தர்க்கம் படித்தவள். எந்தச் சான்று வந்தாலும் ஒரே முடிவைக் காட்டுகிறவனிடம் ஜாக்கிரதையாக இரு என்று பாடம் சொல்லித்தந்தார்கள். பரீட்சைத் தாளில் நன்றாகவே எழுதினேன்.

மனுஷ மனசு தன்னைப்பற்றி வைத்திருக்கிற எண்ணத்தையும் தான் செய்த காரியத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கப் பயப்படுகிறது. ‘நான் குழந்தைமேல் உயிராக இருக்கிறவள்’ என்பது ஒன்று. ‘நான் குழந்தையை அழைத்துவரவில்லை’ என்பது இன்னொன்று. இரண்டும் முட்டிக்கொண்டால் நெஞ்சில் ஒரு குடைச்சல். காரியத்தை மாற்றினால் குடைச்சல் தீரும். ஆனால் காரியத்தை மாற்ற ரயில் ஏறவேண்டும், நாலு பேர் முகத்தில் விழிக்கவேண்டும். காரணத்தை மாற்ற இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்கக்கூட வேண்டாம். அதனால் நாம் காரணத்தை மாற்றுகிறோம். உன் தாத்தா, என் அப்பா, ஊரார் சிரிக்கச் சிரிக்க என்னைக் கடற்கரையோரக் கல்லூரிக்கு அனுப்பிப் பட்டம் வாங்க வைத்தார். ஒரு பெண்கள் பள்ளியில் உபாத்தியாயினி வேலைக்கு வா என்று என்னைக் கூப்பிட்டபோது, “படிப்புங்கறது மனசுக்கு அலங்காரம்மா, அதை விக்கக்கூடாது” என்று முடித்துவிட்டார். அவருக்கு இரண்டையும் விடமுடியவில்லை: தான் முற்போக்கு என்பதையும், ஊர் என்ன சொல்லும் என்பதையும். அலங்காரம் என்ற ஒரு சொல்லைக் கண்டுபிடித்து இரண்டையும் ஒட்டவைத்தார். அதைவிட வேடிக்கை, ஒரு வருஷத்துக்குள் எனக்கே அந்த வேலைமேல் ஆசை இருந்ததில்லை என்று நான் நம்ப ஆரம்பித்ததுதான்.

வீட்டில் நடப்பதுதான் ஊரிலும் நடக்கிறது. பத்திரிகையைப் பார், சேனை பின்வாங்கினால் ‘முன்கூட்டித் திட்டமிட்ட நகர்வு’ என்று போடுகிறான். ஒரு அநியாயத்தைப் பாட்டன் செய்தான் என்றால் பேரன் அதைச் சாஸ்திரம் என்கிறான். பாட்டனையும் கெட்டவன் என்று சொல்லாமல், தன்னையும் கெட்டவன் என்று சொல்லாமல் தப்பிக்க அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. இழந்தது எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு அவ்வளவு பிடிவாதம். நீ பெரியவனாகி யாரோடாவது வாதாடும்போது இதை நினைத்துக்கொள். எதிரே இருப்பவனை முட்டாள் என்று எண்ணாதே. அவன் எதையோ கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். அது வீண் என்று உன் வாயால் கேட்க அவனால் முடியவில்லை, அவ்வளவுதான். உன் விஷயத்திலும் அப்படியே பார். உனக்கு ரொம்ப வசதியாக, ரொம்பச் சீக்கிரமாக ஒரு காரணம் கிடைத்தால் அதைக் கொஞ்சம் சந்தேகப்படு.

எனக்கு உறைத்தது போன ஐப்பசி வாக்கில். எல்லோரும் பயத்தை மறந்துவிட்ட காலத்தில் ஓர் இரவு நிஜமாகவே ஒரு விமானம் வந்து துறைமுகத்தின் பக்கம் எதையோ போட்டுவிட்டுப் போயிற்று. காலையில் அப்பா ஆபீஸிலிருந்து வெளிறிய முகத்தோடு வந்து சொன்னார். எனக்குப் பயம் வரவில்லையடா. சந்தோஷம் வந்தது. “பார்த்தேளா, நான் சொன்னேனோல்லியோ? குழந்தை அங்கே இருக்கறதுதான் நல்லதுன்னு?” என்று பூரித்துப் போய்ச் சொன்னேன். உன் அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி, “உனக்குச் சந்தோஷமா இருக்கா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார். ஊர்மேல் குண்டு விழுந்ததற்கு ஒரு பெண்பிள்ளை சந்தோஷப்பட்டிருக்கிறாள். நான் சரி என்று ஆகவேண்டும் என்பதற்காக, யாரோ பெற்ற பிள்ளைகள் தூங்குகிற ஊரில். அன்றிலிருந்து என் காரணம் எதையும் என்னால் முழுசாக நம்ப முடியவில்லை. ஆனாலும் ரயில் ஏறவில்லை. தெரிந்துகொண்டால் போதும், மாறிவிடுவோம் என்று நினைக்காதே. தெரிந்தபின்னும் மாசி வரையில் சும்மா இருந்தவள் நான்.

இன்று காலையில் அப்பா ஆபீஸுக்குக் கிளம்பும்போது, “இன்னிக்காவது அக்காகிட்ட சொல்லிடு” என்றார். “எப்படிச் சொல்றது?” என்றேன். “டாக்டர்தான் கண்ணுல புரை விழுந்திருக்கு, சிரமப்படக்கூடாதுன்னுட்டாரே. குழந்தையோட ஓடியாட முடியாது, அதனாலன்னு சொல்லு. அவளும் வருத்தப்படமாட்டா, உனக்கும் சுலபம்.” நல்ல மனசோடுதான் சொன்னார். பொய்யும் இல்லை, புரை இருப்பது நிஜம். எவ்வளவு கச்சிதமான காரணம், எனக்கென்றே தைத்தது போல. அதனால்தான் பயமாக இருக்கிறது. வாசலில் உன் குரல் கேட்கிறது. பேனாவை வைக்கிறேன்.

விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். சாயங்காலம் ஆகிவிட்டது.

நீ கிணற்றடியில் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்தாய். அத்தை கொடியிலிருந்து உன் சட்டைகளை எடுத்து வந்து, கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துப் பார்த்துப் பார்த்து மடித்தாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, குழந்தை இங்கயே இருக்கட்டும்” என்றேன்.

“இன்னும் ரெண்டு நாளா? அப்போ டிக்கட்டை மாத்தணுமேடி.”

“இல்லக்கா. இனிமே இங்கயே.”

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. என் முகம் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்காது. ஆனாலும் என்னையே பார்த்தாள். “அம்பி சொன்னானா? என் கண்ணைக் காரணமா வெச்சா?” உன் அப்பாவை அவள் அம்பி என்றுதான் கூப்பிடுவாள். “மங்கல்தான், இல்லைங்கலை. ஆனா அவனைப் பாக்கறதுக்கு இது போறும்.”

அந்தக் காரணத்தை அவளே எடுத்து என் கையில் கொடுத்துவிட்டாள். நான் தலையை ஆட்டினால் போதும். அவள் விதியை நொந்துகொண்டு போய்விடுவாள், நான் அவளுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டு நல்லவளாகவே இருந்துவிடலாம். ஆட்டுவதற்குத் தலை தானாகவே அசைந்தது, கண்ணா. நான் பிடித்து நிறுத்தினேன்.

“கண்ணுக்காக இல்லக்கா.”

“பின்னே? நான் என்னடி குறை வெச்சேன்?”

“ஒரு குறையும் வைக்கலை. ஊர் அடங்கினதுமே நான் வந்திருக்கணும். வந்தா அனுப்பினதே தப்புன்னு ஆயிடுமேன்னு வரலை. அப்பறம் வராததுக்கு ஒவ்வொண்ணாக் காரணம் சொல்லிண்டே இருந்துட்டேன். எல்லாம் நானாச் சொன்னது.”

அவள் கையிலிருந்த சட்டையைப் பெட்டியில் வைக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. “அதை அன்னிக்கே சொல்லியிருக்கக்கூடாதாடி? நானா கேட்டேன் உன் பிள்ளையை? வர மாசம் வர மாசம்னே. நானும் வர மாசம் போயிடுவான்னு மனசைக் கல்லாக்கிண்டு இருந்தேன். அப்பறம் நீ எழுதறதையே நிறுத்திட்டே. சரி, எனக்கேதான் குடுத்துட்டாள்னு நினைச்சுண்டேன். நினைச்சுக்கட்டும்னுதானே நீயும் விட்டே?”

“ஆமாம்” என்றேன்.

“கண்ணுன்னு சொல்லியிருந்தா நான் பகவானைத் திட்டிண்டு போயிருப்பேன். இப்போ யாரைத் திட்டறது?”

“என்னைத் திட்டுங்கோ.”

திட்டினாள். ஜட்கா வண்டி வருகிறவரை திட்டினாள். படித்த திமிர் என்றாள், நெஞ்சில் ஈரமில்லாதவள் என்றாள், பெற்றால் மட்டும் போதுமா என்றாள். நடுநடுவே, “ராத்திரி தண்ணி கேப்பான், வெந்நீராக் குடு”, “இடதுகாது பக்கம் தொட்டா அழுவான், அங்கே எண்ணெய் வெக்காதே” என்று சொல்லிவிட்டு மறுபடியும் திட்டினாள். நான் அவற்றை மனப்பாடம் செய்துகொண்டே நின்றேன். என் பிள்ளைக்கு எந்தக் காது நோகும் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. அப்பா ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்து அவளை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். போகும்போது அவள் என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. உன்னைத் தூக்கி முத்தமிட்டுவிட்டு, ஏறும் படி தெரியாமல் காலால் தடவித் தடவி ஏறினாள்.

நீ ஜட்காவின் பின்னால் ஓடினாய். நான் ஓடிவந்து தூக்கினேன். கையைக் கடித்தாய். எதிர்வீட்டிலிருந்து வந்த அம்புஜம் மாமி, “பாவம், பால் மறக்காத வயசுல யுத்தம் பிரிச்சுடுத்து, இப்போ தாயாரையே தெரியலை” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “யுத்தம் இல்லை மாமி, நான்தான் அழைச்சிண்டு வரலை” என்றேன். மாமி என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, “அசடு, அழுது அழுது என்னமோ பேசறே” என்று வீட்டுக்குள் போய்விட்டாள். சொன்னால்கூடச் சிலது ஏறுவதில்லை. அவளுக்கும் அந்தக் கதை வேண்டியிருக்கிறது போல.

எழுதிக்கொண்டிருக்கும்போதே புதிய காரணங்கள் வர ஆரம்பித்துவிட்டன. குழந்தைதானே, நாலு நாளில் மறந்துவிடுவான் என்கிறது மனசு. அக்காவுக்கும் கண் வைத்தியம் ஆக வேண்டும், இதுவே அவளுக்கு நல்லது என்கிறது. நான் உண்மையைச் சொன்னது எவ்வளவு உயர்வான காரியம் என்றும் சொல்கிறது. நம்பாதே. ஒரு பெண்பிள்ளையை வெறும் மடியோடு ரயிலேற்றி அனுப்பியிருக்கிறேன். உன்னை இரண்டாம் முறை ஒரு தாயிடமிருந்து பிரித்திருக்கிறேன். இதைச் செய்யாமல் இருந்திருந்தாலும் தப்பு, செய்ததிலும் வலி. இரண்டையும் ஒட்டவைக்க என்னிடம் இன்றைக்கு எந்தச் சொல்லும் இல்லை, தேடவும் மாட்டேன். நீ வளர்ந்து, என்மேல் கோபப்பட்டால் நியாயம். கோபமே வராவிட்டால், என்னை மன்னிப்பதற்கு நீயாக ஏதாவது காரணம் கட்டியிருக்கிறாயா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்.

நீ வாசற்படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாய். சற்றுமுன் திரும்பாமலே, “அம்மா எப்போ வருவா?” என்று கேட்டாய். நாளைக்கு வருவாள் என்று சொன்னால் எழுந்து சாப்பிட வந்திருப்பாய். “ஊருக்குப் போயிட்டாடா கண்ணா. நாளைக்கு வரமாட்டா” என்றேன். உன் முதுகு ஒரு தடவை குலுங்கிற்று. மோர் சாதம் பிசைந்து எடுத்துக்கொண்டு வந்து உன் பக்கத்தில் உட்காரப்போகிறேன். நீ வாய் திறப்பாயோ மாட்டாயோ, தெரியவில்லை. திறக்கும்வரை உட்கார்ந்திருப்பேன்.

அம்மா